நிமிர்த்தாத ஆணிகள்

கண்ணாடியைக் கழற்றி வைத்ததுமே வளைந்த ஆணிகளை நிமிர்த்தக் கை பரபரக்கும். அதை மட்டும் செய்யக் கூடாது. பச்சிங்கோ என்னும் பழைய ஜப்பானிய ஆட்ட இயந்திரத்தைப் பழுதுபார்க்க உட்காருகிறவர் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இது. அந்த ஆணிகளில் பெரும்பாலானவை தாமாக வளைந்தவை அல்ல. யாரோ ஒருவர் நின்று பார்த்து, யோசித்து, சின்னச் சுத்தியலால் தட்டி அந்தச் சாய்வைக் கொடுத்திருக்கிறார்.

இயந்திரம் இப்போது அபிராமபுரத்தில், எங்கள் மாடி வீட்டின் பின்னறையில் இருக்கிறது. ஏறக்குறைய 81 செ.மீ. உயரம், 52 செ.மீ. அகலம். மரச்சட்டம், முன்னால் கண்ணாடி, கீழே சிறு இரும்புக் குண்டுகள் வந்து விழும் தட்டு. 1970களில் நிஷிஜின் நிறுவனம் செய்தது. ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்த உறவினர் ஒருவர் பழசாக வாங்கிக் கப்பலில் அனுப்பியது. அங்குள்ள ஆட்டக் கூடங்கள் புது மாடல் வந்தால் பழையதைச் சீக்கிரமே கழித்துவிடும். அப்படிக் கழிந்தவை அந்த ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளுக்கு ஏராளமாகப் போயின. இது ஒன்று மட்டும் சென்னைக்கு வந்தது.

*

ஆட்டம் எளிமையானது. வலது பக்கம் கீழே ஒரு நெம்பு இருக்கும். கட்டை விரலால் அழுத்தி விட்டால் ஸ்பிரிங் ஒரு குண்டை அடித்து மேலே அனுப்பும். அது இடப்பக்க வளைவில் ஏறி உச்சிக்குப் போய், பித்தளை ஆணிகளுக்கிடையே தட்டுத் தடுமாறி இறங்கும். வழியில் ஏதாவது ஒரு குழியில் விழுந்தால் மணி அடித்து, பதினைந்து குண்டு தட்டில் கொட்டும். எதிலும் விழாமல் அடிக்கு வந்துவிட்டால் போனது போனதுதான். சில குழிகளின் வாயில் டுலிப் பூவின் இதழ்கள் போல இரண்டு மடல்கள் உண்டு. ஒரு குண்டு உள்ளே போனால் மடல் விரியும், அடுத்தது போனால் மூடிக்கொள்ளும். இந்தப் பூ 1960இல் வந்தது. அதன் பிறகு பச்சிங்கோ என்றாலே அந்தப் பூதான் என்றாகிவிட்டது.

இதன் பாட்டி நம் வீடுகளிலும் இருந்தாள். கோடை விடுமுறையில் கேரம் போர்டுக்கு அடுத்தபடியாகப் பரணிலிருந்து இறங்கும் பாகடெல் பலகைதான் அது. சாய்ந்த மரப்பலகை, அரைவட்டமாக அடித்த ஆணிகள், நடுநடுவே எண்கள், ஓரத்தில் இழுத்து விடும் ஸ்பிரிங் கட்டை. பிரான்ஸில் பாகடெல் என்ற மாளிகையில் 1777இல் நடந்த விருந்தையொட்டி இந்த ஆட்டத்துக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஸ்பிரிங் கட்டையைச் சேர்த்து 1871இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த மாண்டேகு ரெட்கிரேவ். மேசைமேல் படுத்திருந்த இந்தப் பலகை ஜப்பானுக்குப் போய் ‘கொரிந்த்’ ஆட்டம் ஆயிற்று. இடத்துக்குத் தட்டுப்பாடான நகரங்களில் அதை நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தினார்கள். பச்சிங்கோ அப்படிப் பிறந்தது.

*

ஆணிகளைச் சமமான இடைவெளியில், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் ஆணி வரும்படி அடித்தால் என்ன நடக்கும் என்பதை 1870களில் பிரான்சிஸ் கால்டன் ஒரு பலகை செய்து காட்டினார். ஒவ்வோர் ஆணியிலும் குண்டு இடது போகும் அல்லது வலது போகும். நான்கு வரிசை தாண்டினால் மொத்தம் பதினாறு வழிகள். கீழே உள்ள ஐந்து இடங்களுக்கு அவை 1, 4, 6, 4, 1 என்று பிரியும். ஆயிரம் குண்டுகளை விட்டால் நடுவில் குவியல் உயர்ந்து இருபுறமும் சரியும். எந்தக் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குவியலின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே வரைந்துவிடலாம்.

இதே எண்கள் நம் பக்கத்தில் யாப்பிலிருந்து வந்தவை. பிங்கலரின் சந்த சாத்திரத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், குறிலும் நெடிலுமாக நான்கு அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட ஒரு கூம்பு வரைந்தார். அதன் பெயர் மேரு பிரஸ்தாரம். நெடிலே இல்லாதது ஒன்று, ஒரு நெடில் உள்ளவை நான்கு, இரண்டு நெடில் உள்ளவை ஆறு. ஆணிக்கு ஆணி துள்ளி இறங்கும் இரும்புக் குண்டு அறியாமலே அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருகிறது. பின்னறையில் உட்கார்ந்து குண்டு இறங்குவதைப் பார்க்கும்போது இது மனத்துக்கு ஓர் அமைதி தருகிறது. கண்முன்னால் நடப்பது ஒழுங்கில்லாத துள்ளல். அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

ஆனால் பச்சிங்கோ அந்த ஒழுங்கோடு நின்றிருந்தால் யாரும் அதன் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் நகோயா நகரில் மசமுரா தகேயிச்சி என்றொருவர் இருந்தார். 1948 வாக்கில் அவர் ஆணிகளை வேறு விதமாக அடித்தார். அதுவரை பலகை முழுவதும் நெருக்கமாக, சீராக ஆணிகள் இருந்தன. அவர் பலவற்றைப் பிடுங்கிவிட்டு வெற்றிடம் விட்டார். மிச்சத்தைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்தார். இடையே சுழலும் காற்றாடிகளை வைத்தார். குண்டுக்கு ஓடவும் இடம் கிடைத்தது, தயங்கி நிற்கவும் இடம் கிடைத்தது. இனி போய்விடும் என்று நினைக்கும்போது ஒரு காற்றாடியில் பட்டு உள்ளே திரும்பியது. இன்றுவரை எல்லாப் பச்சிங்கோக்களுக்கும் அடிப்படை அந்த அமைப்புதான். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு கொத்துக்கும் தொழிலில் ஒரு பெயர் உண்டு. உச்சியில் முதல் அடி வாங்குபவை வான் ஆணிகள். நடுக்குழியின் வாசலில் காவல் நிற்கும் இரண்டும் உயிர் ஆணிகள். காற்றாடிக்குப் பக்கத்தில் அடுக்காக நிற்பவை கவச ஆணிகள். எல்லா ஆணிகளுக்கும் பொதுவாக ஒரு சாய்வு உண்டு. பலகையிலிருந்து நேராக நீளாமல், நுனி ஒரு துளி மேல்நோக்கி இருக்கும். அப்போதுதான் குண்டு கண்ணாடிப் பக்கம் வழியாமல் பலகையை ஒட்டியே இறங்கும்.

அந்தப் பொதுச் சாய்வுக்கு மேல் இன்னொரு சாய்வு உண்டு. அதுதான் ஆட்டக் கூடத்து ஆணிக்காரரின் வேலை. கூடத்தைப் பூட்டிய பிறகு, இரவில், இயந்திரங்களின் கண்ணாடியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். கூடவே நுனியில் உருண்டை வைத்த அளவுக் கம்பிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மயிரிழை பெரிது. குண்டின் விட்டம் 11 மி.மீ. உயிர் ஆணிகளுக்கு இடையிலான வாசல் அதைவிடச் சற்றுத்தான் பெரிது. அந்தச் சற்றில் நூல் அளவு கூட்டினால் நாளைக்கு அந்த இயந்திரம் வாரிக் கொடுக்கும். நூல் அளவு குறைத்தால் கையை மூடிக்கொள்ளும். கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் கல்லும் புள்ளும் வைத்து மூட்டைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் போல, அந்த மனிதர் தட்டிக்கொண்டே போயிருப்பார். மிருதங்கக்காரருக்குக் காது சொல்வதை அவருக்குக் கை விரல் சொல்லியிருக்கும்.

ஆகவே, பூதக்கண்ணாடி வைத்து இந்தப் பலகையைப் பார்க்கும்போது நான் பார்ப்பது ஒருவருடைய கடைசித் தட்டல்களை. அந்த இயந்திரம் கூடத்தை விட்டுக் கழிந்த நாளில் அவர் எப்படி விட்டாரோ அப்படியே நிற்கின்றன ஆணிகள்.

*

எது அவர் வளைத்தது, எது வழியில் வளைந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்கே எனக்கு நிறைய நேரம் வேண்டியிருக்கிறது. அதில் அவசரம் உதவாது.

அவர் கை பட்ட ஆணிகள் பெரும்பாலும் இணையாக இருக்கின்றன. இடது ஆணி இடப்பக்கம் சாய்ந்தால் வலது ஆணி வலப்பக்கம் சாய்கிறது. கொண்டையின் பக்கவாட்டில் மங்கலான தட்டையான தழும்பு தெரிகிறது. அது சுத்தியலின் முகம் பட்ட இடம். சாய்வுக்கு ஒரு நோக்கமும் இருக்கிறது: குண்டை ஒரு குழிக்கு அருகே கொண்டுவரவோ விலக்கவோ அது உதவுகிறது. பெட்டி இடிபட்டு வளைந்த ஆணி தனியாக இருக்கிறது. துணையும் இல்லை, காரணமும் இல்லை. பெரும்பாலும் பலகையை நோக்கிக் கீழே அமுங்கியிருக்கிறது. குறடு போட்டு யாரோ இழுத்ததாக இருந்தால் பித்தளையின் உடலில் பல் தடம் இருக்கிறது.

பலகையின்மேல் மெல்லிய காகிதம் வைத்து ஒவ்வோர் ஆணியின் இடத்தையும் குறித்துக்கொள்கிறேன். சாய்ந்த திசைக்கு ஓர் அம்புக்குறி போடுகிறேன். காகிதம் நிறைய அம்புகளாகும்போது ஒரு மனிதரின் எண்ணம் தெரியத் தொடங்குகிறது. இந்த இயந்திரத்தில் இடப்பக்க டுலிப்பை அவர் தாராளமாக விட்டிருக்கிறார். நடுக்குழியை இறுக்கியிருக்கிறார். ஆடுகிறவருக்கு அவ்வப்போது ஏதோ கிடைத்துக்கொண்டிருக்கும், ஆனால் பெரிதாக வென்று எழுந்து போக முடியாது.

*

பின்பக்கத்தைத் திறந்தால் வேறோர் உலகம். மேலே குண்டுத் தொட்டி. அதிலிருந்து இறங்கும் சரிவுகள். நெம்புகள், எடைக்கட்டைகள், ஒரு மணி. மின்சாரம் விளக்குக்கு மட்டுந்தான். மற்ற வேலையெல்லாம் புவியீர்ப்பால் நடக்கிறது. குழியில் விழுந்த குண்டு பின்னால் வந்து ஒரு நெம்பின்மேல் உட்காருகிறது. அதன் எடை ஐந்தரை கிராம் அளவுதான். அந்த எடைக்கு நெம்பு சாய்ந்து கீழ்த் தடுப்பைத் திறக்கிறது, மேல் தடுப்பை மூடுகிறது. இரண்டுக்கும் நடுவே வரிசையில் நின்ற குண்டுகள் மட்டும் இறங்குகின்றன. இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது. வரிசையின் நீளம்தான் அதன் எண்ணிக்கை.

இதனால்தான் குண்டின் அளவில் சமரசம் கூடாது. பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் அங்குலக் கணக்கில் “ஏழு பதினாறு தரட்டுமா சார்?” என்பார். அந்தப் பால்ரஸ் 11.11 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எடைகூட ஏறக்குறைய பொருந்திவிடும். ஆனால் பதினைந்து குண்டு வரிசையாக நின்றால் அந்த மிகை ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. கடைசிக் குண்டு தடுப்புக்கு வெளியே துருத்தி நின்றுவிடலாம். உயிர் ஆணிகளின் வாசலோ நூல் கணக்கில் வைத்தது. கொஞ்சம் பெரிய குண்டு போனால் ஆணிக்காரரின் முடிவையே மாற்றிவிடும். மெட்ரிக் அளவில் சரியாக 11 என்று கேட்டு, வெர்னியரில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இயந்திரத்தோடு வந்த பழைய குண்டுகளில் சிலவற்றின்மேல் ஒரு சின்ன முத்திரை இருக்கிறது. வெளியிலிருந்து குண்டு கொண்டுவந்து யாரும் ஆடிவிடக் கூடாது என்று கூடங்கள் தங்கள் அடையாளத்தைப் பதித்து வைத்தன. துருப்பிடித்தவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரத்தூளோடு துணிப்பையில் போட்டு மெதுவாக உருட்டுகிறேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும், முத்திரை போய்விடும்.

*

ஆணிகள் நிற்கும் பலகை ப்ளைவுட். அதன்மேல் படம் அச்சிட்ட செல்லுலாய்ட் தாள். ஓரத்தை விரலால் சூடு வரத் தேய்த்து முகர்ந்தால் மெல்லக் கற்பூர வாசனை வருகிறது. கபாலி கோயில் தெப்பக்குளத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வீட்டில், நகோயாவின் ஆட்டத்திலிருந்து கற்பூரம் மணக்கிறது.

காரணம் எளிது. செல்லுலாய்ட் என்பது நைட்ரோ செல்லுலோஸோடு கற்பூரம் கலந்தது. 1870 வாக்கில் ஜான் வெஸ்லி ஹயட் இதைக் கண்டடைந்ததே யானைத் தந்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடியபோதுதான். பந்தாட்டத்துக்காகப் பிறந்த பொருள் பந்தாட்டத்தின் தரையாகவே ஆனது. உலகின் கற்பூரத்தில் பெரும்பங்கு அப்போது தைவானின் காடுகளிலிருந்து வந்தது. ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்த பின் 1899இல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. 1919இல் ஜப்பானில் செல்லுலாய்ட் நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தக் கூட்டு நிறுவனத்தின் ஃபிலிம் பிரிவு 1934இல் தனியாகப் பிரிந்து, நாம் ஸ்டூடியோ வாசல்களில் பெயர்ப்பலகையாகப் பார்த்த ஃபியூஜி ஆயிற்று.

செல்லுலாய்டுக்கு ஸ்பிரிட்டும் ஆகாது, தின்னரும் ஆகாது. பட்ட இடம் இளகிவிடும். வெயிலும் புழுக்கமும் அதை மஞ்சளாக்கி, சுருக்கி, வெடிக்க வைக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் பூஜையறைப் பக்கமோ அடுப்பின் பக்கமோ வைக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சு போதும். ஆணிகளுக்கு நடுவே குச்சியில் பஞ்சு சுற்றித் துடைக்கும்போது, எந்த ஆணியிலும் பலமாகப் படாமல் இருப்பதிலேயே மூச்சு நிதானமாகிவிடுகிறது.

*

இந்த ஊரில் இரும்பு சும்மா இருக்காது. பட்டினப்பாக்கத்துக் கடல் அதிக தூரத்தில் இல்லை. ஐப்பசி வந்தால் பின்னறைச் சுவரே வேர்க்கிறது. ஸ்பிரிங்கின் சுருளுக்குள் செந்துரு. திருகுகளின் தலையில் செந்துரு. பித்தளை ஆணிகள் மட்டும் பழுப்பேறி அமைதியாக நிற்கின்றன.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு இதே ஊரில் பாடம் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930இல் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன், மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களையும் ஆராய்ந்தார். உலோகப் பாதுகாப்பில் ஓர் அடிப்படைப் பாடம் உண்டு. உப்பின் குளோரைடு உள்ளே இருந்தால் செம்பைத் தொடர்ந்து தின்றுகொண்டே இருக்கும், அதை எடுத்தாக வேண்டும். அப்படித் தின்னாமல், காலம் போர்த்திய மேற்பரப்பாக மட்டும் இருக்கும் பச்சையும் பழுப்பும் இருந்துவிட்டுப் போகலாம். இதற்கு எதிரான பாடத்தையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கோயில் கற்சுவர்களை மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது சுவர் வெளுத்தது, கல்வெட்டின் எழுத்து மழுங்கியது.

அதே அளவுகோலை இங்கே வைத்துக்கொள்கிறேன். செந்துரு தின்பது, ஆகவே எடுக்கிறேன். ஆணியின் பழுப்பு தின்னாதது, விடுகிறேன். பிராஸோ பாலிஷ் போட்டால் ஆணிகள் தங்கம்போல் மின்னும். கூடவே கொண்டையின் தழும்புகளும் தேய்ந்துவிடும். ஸ்பிரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி. குண்டு ஓடும் சரிவுகளில் எண்ணெயே கூடாது, தூசி சேர்ந்து கட்டிக்கொள்ளும். நூலாகிப்போன மின்கம்பிகளை முழுக்க மாற்றிவிட்டேன். ரிட்சி தெருவில் வாங்கிய சின்ன டிரான்ஸ்பார்மர் நம் 230 வோல்ட்டை விளக்குகளுக்கு ஏற்பக் குறைத்துத் தருகிறது. கம்பியில் யாருடைய கையும் எழுதவில்லை. ஆபத்து மட்டும் இருந்தது.

*

இனி, கடினமான பகுதி. நான் பாடுபட்டுக் காக்கும் இந்தக் கைவேலை எதற்காகச் செய்யப்பட்டது?

ஆடுகிறவர் தோற்க வேண்டும், தோற்பது தெரியாமல் தோற்க வேண்டும், நாளையும் வர வேண்டும். ஆணிக்காரருக்குக் கூடம் சம்பளம் கொடுத்தது அதற்குத்தான். வென்ற குண்டுகளைப் பொருளாக மாற்றி, அந்தப் பொருளை வெளியே ஒரு சன்னலில் கொடுத்துப் பணமாக்கும் வழி அங்கே உண்டு. எத்தனையோ வீடுகளின் மாதச் சம்பளம் இந்தத் தட்டுகளில் கரைந்திருக்கிறது. மறுபுறம், வேறு வேலைகளில் கதவு சாத்தப்பட்ட ஜப்பான்வாழ் கொரியர்கள் பலருக்கு இந்தத் தொழில் சோறு போட்டது. மின் ஜின் லீ 2017இல் ‘பச்சிங்கோ’ என்று நாவலுக்குப் பெயர் வைத்தது அந்த வாழ்க்கையைச் சொல்லத்தான். யசுஜிரோ ஓசு 1952இல் எடுத்த ஒரு படத்தில், சிங்கப்பூரில் போர் வீரராக இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் பச்சிங்கோ கூடம் வைத்திருப்பார். இது பெருகுகிற வரை நாடு உருப்படாது என்று அவரே தன் பழைய மேலதிகாரியிடம் வருத்தத்தோடு சொல்வார்.

நமக்கும் இது அந்நியமில்லை. லாட்டரிச் சீட்டை 2003இல் தமிழ்நாடு நிறுத்தியதற்கு முன் தெருமுனைக் கடைகளில் தொங்கிய சீட்டு மாலைகளை மறந்துவிடவில்லை. செல்போனுக்குள் வந்த சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் மறுபடி ஒரு சட்டம் வேண்டியிருந்தது. செல்போன் ஆட்டத்தின் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. இந்த இயந்திரத்தில் தெரிகிறது. பூதக்கண்ணாடி இருந்தால் எந்த ஆணி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, யாருக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கிறது என்று பத்து வயதுக் குழந்தைக்கும் காட்டலாம்.

ஆணிகளை நிமிர்த்தாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிமிர்த்திவிட்டால் யாரையும் ஏமாற்றாத, அழகான பொம்மை ஒன்று கிடைக்கும். ஆனால் அது நடந்ததை மறைக்கும் பொம்மை. வீட்டில் பணம் இல்லாமல் ஆடும்போது, சாய்வு யாரையும் எதுவும் செய்வதில்லை. அதைப் படிக்கத்தான் முடியும். ஒரு தேர்ந்த கைத்திறனும் அது கூலிக்குச் செய்த காரியமும் ஒரே ஆணியில் இருக்கின்றன. ஒன்றைப் போற்றி மற்றதை அழிக்க எனக்கு உரிமை இல்லை.

*

இயந்திரத்தின் பின்கதவு உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாற்றியவை: மின்கம்பி, விளக்குகள், டிரான்ஸ்பார்மர், நெம்பின் ஸ்பிரிங். துருவெடுத்தவை: திருகுகள், எடைக்கட்டை, குண்டுகள். இடிபட்டு அமுங்கியதாகத் தெரிந்து நிமிர்த்திய ஆணிகள் வரைபடத்தில் சிவப்பில் குறித்துள்ளன. அந்த முடிவு தவறாக இருந்தால் திருப்பி அமைக்கப் பழைய கோணமும் குறித்துள்ளது. மற்ற ஆணிகள் எதையும் தொடவில்லை. அவை வளைந்திருப்பது வேலை, பழுதல்ல. அம்பு வரைந்த காகிதத்தை அதே கதவில் உறையிலிட்டு வைத்திருக்கிறேன். அடுத்துத் திறப்பவர் சுத்தியலை எடுக்கும் முன் அதைப் பார்க்கட்டும்.